நாய் வைத்துக்கொள்ளாத வேட்டைக்காரர்

குத்புதீன் மச்சானுக்கு இடது கண் இல்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு செயற்கைக் கண் இருக்கிறது. எப்படிப் போச்சு என்று யாராவது கேட்டால் "வாத்து கொத்திடுச்சு" என்று சிரிக்காமல் சொல்வார். நம்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். அது பச்சைப் பொய். அவருடைய ஒரே நண்பர் அந்தக் கண்ணில் சுட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

மச்சான் என் அக்கா ஷரீபா ராத்தாவின் புருஷன். காயல்பட்டினத்துக்காரர். கலிபோர்னியாவில் லிவர்மோரில் வீடு. வாரத்தில் ஐந்து நாள் மலையைத் தாண்டி நான் இருக்கும் சன்னிவேல் பக்கம் வந்து ஏதோ ஒரு கம்பெனியின் டேட்டாபேஸைக் கட்டிக்கொண்டு அழுவார். ஆபீசில் அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. அவ்வளவு சாது. ஆனால் அக்டோபர் கடைசியில் வாத்து சீசன் தொடங்கியதும் இந்த மனிதருக்குள் இன்னொரு ஆள் புகுந்துகொள்வான். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வீட்டுக்குப் போக மாட்டார். பைனாகுலரை எடுத்துக்கொண்டு சான் வாக்கீன் ஆற்றுப் பக்கம் drive பண்ணுவார். கரைமேட்டில் காரை நிறுத்திவிட்டு, பொழுது சாயும்போது வாத்துகள் எங்கே போய் இறங்குகின்றன என்று பார்ப்பார். மாலையில் இறங்கிய இடத்துக்கு மறுநாள் காலையில் திரும்ப வரும் என்பது அவர் கணக்கு. வண்டியை விட்டு இறங்கிச் சேற்றில் நடப்பார். மிதக்கிற இறகு, எச்சம், மேய்ந்து பிடுங்கிப் போட்ட வேர் எல்லாவற்றையும் குனிந்து பார்ப்பார். காற்று எந்தப் பக்கம் என்று கோரையைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பார். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அதனால் காற்று முதுகில் படும்படி உட்கார வேண்டும். இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் எனக்கு விளக்குவார். அவருடைய பிள்ளைகள் ஜைதும் இனாயாவும் "Baba, please" என்று காதைப் பொத்திக்கொள்வார்கள்.

அவருடைய வேட்டையில் ஒரு விஷயம் மற்றவர்களுடையதைப் போல இருக்காது. மச்சான் ஷாஃபி மத்ஹப், அந்தச் சட்டப் பிரிவைப் பின்பற்றுகிறவர். குண்டு பட்டுச் செத்த பறவை தனக்கு ஆகாது என்பது அவர் உறுதி. உயிர் இருக்கும்போதே பிடித்து, பிஸ்மில்லா சொல்லிக் கழுத்தில் கத்தி வைக்க வேண்டும். ராத்தாவும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "உயிரோட அறுக்காதது என் அடுப்புல ஏறாது." மற்றவர்கள் சுட்டதை எடுத்துவர நாய் வைத்திருப்பார்கள். நாயின் வாய் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணோடு. அதனால் மச்சானுக்கு நாயும் கிடையாது. நெஞ்சு வரைக்கும் ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அவரேதான் ஓடுவார். அடிபட்ட வாத்து முங்கும், நீந்தும், கோரைக்குள் ஒளியும். இவர் விடமாட்டார்.

வெகு நாள் கழித்துத்தான் எனக்கு இன்னொன்று புரிந்தது. மச்சான் வாத்தைக் கொல்லச் சுடுவதில்லை. செத்துப்போனால் வீணாகிவிடுமே! கொஞ்சம் தள்ளிச் சுடுவார், றெக்கை மட்டும் ஒடியும்படி. அதில் அவருக்குக் கை அப்படிப் பழகியிருந்தது. அது புரிந்த அன்றைக்கு ராத்தா வைத்த வாத்துக் கறியை நான் தொடவில்லை.

அவருடைய கூட்டாளி டாக்டர் ஞானேஸ்வரன். யாழ்ப்பாணத்துக்காரர், குடல் டாக்டர். லிவர்மோரில் மச்சான் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. இருவருக்கும் அறிமுகம் ஆனதே துப்பாக்கி சுடும் மைதானத்தில்தான். தமிழில் திட்டுகிற சத்தம் கேட்டு ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்களாம். டாக்டருக்கு வேட்டையில் ஒரே ஒரு கொள்கை. சுட்டால் உடனே சாக வேண்டும். அடிபட்டுத் தண்ணீரில் சுற்றுகிற பறவையைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. உடனே இன்னொரு வெடி வைத்து முடித்துவிடுவார்.

"ஏன் ஐசே உதைத் தவிக்க விடுறீர்? நான் ஒரு வெடி வைக்கிறன், முடிஞ்சுது."

"டாக்டர், அது செத்துட்டா எனக்கு ஆகாது. நான் போய்ப் பிடிச்சுக்கறேன்."

"உமக்கு நாய் தேவையில்லை. நீரே போதும்."

இந்தச் சண்டை வருஷக்கணக்காக நடந்தது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். தன்னுடைய வாத்தைப் பிடிக்க இறங்கும்போது மச்சான் "போறேன்" என்று சொல்ல வேண்டும். டாக்டர் துப்பாக்கியில் இருக்கிற தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு "போம்" என்பார். அந்தச் சொல் வந்த பிறகுதான் மச்சான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். அது ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்த டிசம்பரில், புதிதாகக் கல்யாணமான இனாயாவின் மாமியார் வீட்டார் நியூ ஜெர்சியிலிருந்து வருவதாக இருந்தது. அவர்களுக்கு வாத்து ஆணம், குழம்புதான், ஆக்கிப் போடுவதாக மச்சான் ஃபோனிலேயே வாய் விட்டுவிட்டார். முந்தின சனிக்கிழமை வேட்டைக்குப் போய் வெறும் கையோடு திரும்பினார். பிடிக்கப் போன வாத்து இவர் "போறேன்" என்று கத்திய சத்தத்தில் முங்கித் தப்பித்துவிட்டதாம். அடுத்த வாரம் ராத்தா என்னை சன்னிவேலிலிருந்து வரவழைத்தாள்.

"ஃபைஸ், நீ கூடப் போ. பிரஷர் மாத்திரை போடற மனுஷன், குளிர்ல தண்ணியில ஓடறாரு. எங்கேயாச்சும் விழுந்தா தூக்கி வர ஆள் வேணும்."

"டாக்டரே இருக்காரே ராத்தா."

"அவரு குடல் டாக்டருடா."

இப்படித்தான் நான் போய் மாட்டினேன்.

அந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் ஒரு மூடுபனி இறங்கும். நீட்டிய கை தெரியாது. தட்டைப் படகில் மோட்டாரைப் போட்டு, கால்வாய் வழியாக எங்களை அந்த மறைவிடத்துக்குக் கூட்டிப் போனார் மச்சான். பிளைண்ட் என்பார்கள். தண்ணீருக்குள் பலகையால் அடித்த நீளப் பெட்டி. சுற்றிலும் கோரை கட்டி மறைத்திருந்தது. உட்கார்ந்தால் தலை மட்டும் கோரைக்கு மேலே வரும். இடது கோடியில் துப்பாக்கி இல்லாத நான், ஃபிளாஸ்க்கோடு. நடுவில் டாக்டர். வலது கோடியில் மச்சான். எதிரே தண்ணீரில் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டிருந்தார்கள்.

விடிந்த பிறகு பனி கொஞ்சம் விலகி, பொம்மைகளுக்கு அப்பால் சற்றுத் தூரம் தெரிந்தது. மச்சான் வாத்தைப் போல ஒலி எழுப்பும் விசிலை வாயில் வைத்து மெதுவாக ஊதினார். மேலே றெக்கைச் சத்தம் கேட்டது. ஊசிவால் வாத்துகள், நாலைந்து இருக்கும். காற்றை எதிர்த்துக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கின. மச்சான் எழுந்து ஒரே ஒரு முறை சுட்டார். என் காது அடைத்துவிட்டது. ஒரு ஆண் வாத்து அந்தரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, துணியைச் சுருட்டி எறிந்தாற்போல் தண்ணீரில் விழுந்தது. விழுந்ததும் தலையைத் தூக்கியது. ஒடிந்த றெக்கை தண்ணீரில் இழுபட, வலது பக்கக் கோரையைப் பார்த்து நீந்தியது.

டாக்டர் சுடவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடியில் பனி படிந்திருந்தது. கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மச்சான் அந்தத் தவற்றைச் செய்தார். போன வாரம் கத்தியதால் தப்பியது இந்த வாரமும் தப்பிவிடும் என்று பயந்தார். "போறேன்" என்று சொல்லவில்லை. துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, தொப்பியைக் கழற்றித் தன் இடத்துக் கம்பில் மாட்டினார். ஈரத் தொப்பி கண்ணை மறைக்கக் கூடாதாம். வலது பக்கத் திறப்பு வழியாகச் சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கினார். கோரைக்குப் பின்னாலேயே சுற்றிப் போய், வாத்து வந்து சேரும் இடத்தில் காத்திருந்து அமுக்குவது அவர் எண்ணம். இதெல்லாம் பின்னால் அவரே சொல்லித் தெரிந்தது. டாக்டருடைய முதுகு மறைத்ததால் அப்போது எனக்கு எதுவும் தெரியவில்லை.

டாக்டர் கண்ணாடியை மாட்டினார். முதலில் வலப்பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். கம்பில், தலை இருக்கிற உயரத்தில், தொப்பி இருந்தது. பிறகு தண்ணீரைப் பார்த்தார். வாத்து கோரை ஓரத்தில் ஒரே பக்கமாக வட்டமடித்தது. தலையை முக்கி முக்கி எடுத்தது. அதன் வயிற்றுப் பக்கம் தண்ணீர் சிவந்திருந்தது.

"குத்புதீன், இதுக்கு மேல பார்க்கேலாது. மன்னியும்" என்றார். சுட்டார்.

தண்ணீருக்குச் சமமாகச் சுட்டால் குண்டு தண்ணீரில் பட்டுத் தெறிக்கும். வாத்துக்கு ஈயம் கூடாது என்பது இங்கே சட்டம். எல்லாம் எஃகுக் குண்டு, மிளகு பருமன். வாத்துக்கு முன்னால் தண்ணீர் சீறிக் கிளம்பியது. அதற்குப் பின்னால் கோரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதன் போடுகிற சத்தம் என்றே எனக்கு முதலில் தோன்றவில்லை.

டாக்டர் திரும்பி அந்தத் தொப்பியைப் பார்த்தார். கையால் தட்டினார். அது கழன்று கீழே விழுந்தது.

"ஐயோ" என்று அவர் கத்தியதை என்னால் எழுத முடியாது. துப்பாக்கியைத் தண்ணீரில் எறிந்துவிட்டுக் குதித்தார். நானும் குதித்தேன். என்னிடம் ரப்பர் கால்சட்டை இல்லை. தண்ணீர் கத்தி மாதிரி இடுப்பில் ஏறியது. சேறு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது.

மச்சான் கோரை ஓரத்தில் மல்லாந்து கிடந்தார். இடது கண் இருந்த இடத்தில் கண் இல்லை. ரத்தமும் வேறு ஏதோவும் கன்னத்தில் வழிந்தது. அது பரவாயில்லை என்று சொல்லும்படி இருந்தது கழுத்து. தாடைக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து கறுப்பாக ரத்தம் வந்துகொண்டே இருந்தது. டாக்டர் தன் விரல்களை அந்த ஓட்டையில் வைத்து அழுத்தினார். மறு கையால் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கண்ணை மூடாதையும். என்னைப் பாரும். குத்புதீன், என்னைப் பாரும்!"

மச்சான் பார்த்தார். அவர் வலது அக்குளில் அந்த வாத்து இருந்தது. டாக்டர் சுட்டது அதன் மேல் படவே இல்லை. விழுகிற நேரத்திலும் மனிதர் அதை அமுக்கிப் பிடித்திருக்கிறார். அது உயிரோடு இருந்தது.

இருவருமாக அவரை இழுத்துப் படகில் போட்டோம். டாக்டரால் கையை எடுக்க முடியாது. எடுத்தால் போச்சு. நான்தான் மோட்டாரைப் பிடிக்க வேண்டும். வாழ்க்கையில் தொட்டதில்லை. பனிக்குள் கரை எது, கால்வாய் எது என்று தெரியாமல் கோரையில் முட்டி முட்டிப் போனேன். டாக்டர் முன்னாலிருந்து "இடது, இடது, நேரா விடும்" என்று கத்திக்கொண்டே வந்தார். அவருடைய முழங்கை வரை ரத்தம்.

வாத்து அடித்துக்கொண்டது. ஒடிந்த றெக்கையின் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அது அடிக்கும்போதெல்லாம் மச்சானின் ரத்தமும் அதன் ரத்தமும் எங்கள் மூவர் முகத்திலும் தெறித்தது.

"வாத்தை விடும் ஐயா! உந்தக் கையை விடும்!"

மச்சான் விடவில்லை. இடுப்பிலிருந்த கத்தியைக் கண்ணால் காட்டி, "ஃபைஸ்... அறு... செத்துடப் போவுது" என்றார். அந்த நிலைமையில்! எனக்கு வந்த கோபத்தில் அவரையே தண்ணீரில் தள்ளிவிடலாம் போலிருந்தது. நான் மோட்டாரை விட்டால் படகு நிற்கும். டாக்டர் கழுத்தை விட்டால் இவர் மூச்சு நிற்கும். எங்களில் ஒருவருக்கும் அந்தப் பறவையைக் கொல்லக் கை ஒழியவில்லை. கரை சேரும் வரைக்கும் அது அப்படியே துடித்துக்கொண்டு எங்கள் கூடவே வந்தது.

கரைமேட்டில்தான் ஃபோனுக்கு சிக்னல் கிடைத்தது. பனியில் ஹெலிகாப்டர் வர முடியாது என்றார்கள். ஆம்புலன்ஸ்தான் வந்தது. அதிலிருந்து இறங்கிய ஒரு பெண், சின்ன வயது, மச்சானின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாத்தை வெளியே எடுத்தாள். ஒரு கணம் அதைப் பார்த்தாள். "Poor thing" என்று சொல்லிக்கொண்டே கழுத்தைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். அவ்வளவுதான். அதைப் புல்லில் வைத்துவிட்டு மச்சான் பக்கம் திரும்பினாள். மச்சான் மிச்சமிருந்த கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிழைத்துவிட்டார். டாக்டர் விரலை எடுத்திருந்தால் படகிலேயே முடிந்திருக்கும் என்று சர்ஜன் சொன்னார். விசாரிக்க வந்த வேட்டை அதிகாரியிடம் மச்சான், "My mistake. I did not tell him" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பள்ளிவாசல் ஆலிம் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கத்திய நல்லா தீட்டி வெச்சுக்கச் சொன்ன அதே மார்க்கம்தான் பிராணிய வதைக்காதேன்னும் சொல்லுது. உயிரோட கிடைச்சா அறுக்கணும், சரி. றெக்கைய ஒடின்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார்.

ஆலிம் போன பிறகு மச்சான் என்னைக் கூப்பிட்டார்.

"ஃபைஸ், நான் தண்ணியில கிடந்தேன்ல? அப்போ யாரோ தண்ணிய உதைச்சுக்கிட்டு ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சு. டாக்டர்தான்னு எனக்குத் தெரியும். காப்பாத்தத்தான் வர்றாருன்னும் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் கிட்ட வர வர, கோரைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கணும்னுதான் இருந்துச்சு. அவ்ளோ பயம்டா."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இத்தனை வருஷமா வாத்து பின்னாடி நான் அப்படித்தானே ஓடியிருக்கேன்" என்றார். அழுதார். கட்டுக்குள் அழக் கூடாது என்று நர்ஸ் வந்து சத்தம் போட்டாள்.

டாக்டர் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறைகூட வரவில்லை. மச்சான் வீடு வந்த பிறகும் வரவில்லை. அவர் மனைவி தவமணிதேவி மட்டும் சாப்பாடு செய்து கொண்டுவந்து வாசலில் ராத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். மச்சான் ஃபோன் பண்ணினால் டாக்டர் எடுக்க மாட்டார். வேலைக்கும் நீண்ட லீவு போட்டுவிட்டதாகத் தவமணிதேவி சொன்னார். "இரவில எழும்பிக் கையைக் கழுவுறார் பிள்ளை. கழுவிக்கொண்டே நிக்கிறார்" என்று ராத்தாவிடம் அழுதாராம். கண் போனதற்கு அழாத என் ராத்தா அன்றைக்கு அழுதாள்.

அடுத்த சீசன் வந்தது. மச்சான் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராக டாக்டர் வீட்டுக்குப் போனார். டாக்டர் இளைத்துப் பாதியாகியிருந்தார். மச்சானின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர், எனக்கு இடது பக்கம் தெரியறதில்லை. உங்க சீட்டு இடது பக்கம்தான். நீங்க வராம நான் எப்படிப் போறது?"

"நான் இனி உதைத் தொடமாட்டன்."

"தொட வேணாம். வந்து உக்காருங்க போதும்."

"உமக்கு விசரா குத்புதீன்? நான் உம்மைச் சுட்டனான்!"

"நான்தான் சொல்லாமப் போனேன். வாங்க."

வந்தார். அவராக வரவில்லை, தவமணிதேவி கோட்டை மாட்டிவிட்டுத் தள்ளாத குறையாக அனுப்பினார். என்னையும் ராத்தா விடவில்லை. அதே மறைவிடம், அதே வரிசை. பனி இல்லை. நல்ல வெயில்.

ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாது. மச்சான் இந்த முறை உண்மையாகவே கொல்லத்தான் சுட்டார், எனக்கு அது தெரிந்தது. ஆனால் குறி தவறி றெக்கையில் பட்டது. பறவை தண்ணீரில் விழுந்து, தலையைத் தூக்கி, ஒரு பக்கமாக நீந்தியது. மறுபடி சுட்டார். தண்ணீர்தான் தெறித்தது. மூன்றாவதும் தவறியது. துப்பாக்கியில் இருந்த மூன்று தோட்டாவும் தீர்ந்தது.

பழைய மச்சானாக இருந்தால் இந்நேரம் தண்ணீரில் இருப்பார். அவர் உட்கார்ந்த இடத்தில் அசையவில்லை. தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வேட்டை அதிகாரி அன்றைக்குத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்த டாக்டருடைய துப்பாக்கியை மச்சான் கூடவே கொண்டுவந்திருந்தார்; அதில் தோட்டா போட்டு அவர் மடியில் வைத்தார்.

"சுடுங்க டாக்டர்."

"செத்தால் உமக்கு ஆகாதே."

"எனக்கு வேணாம். பாருங்க, எப்படித் தவிக்குதுன்னு. எனக்குக் குறி பிடிபடலை. நீங்க சுடுங்க."

டாக்டர் துப்பாக்கியைத் தூக்கினார். குழாய் ஆடியது. இறக்கினார். "நீர் எங்க நிக்கிறீர் எண்டு எனக்குத் தெரியேலை" என்றார், மச்சான் அரை அடி தூரத்தில் இருக்கும்போதே.

மச்சான் கையை நீட்டி டாக்டருடைய முதுகில் வைத்தார்.

"இங்கதான் இருக்கேன். இது என் கை. இப்போ சுடுங்க."

டாக்டர் சுட்டார். பறவை தலையைத் தண்ணீரில் போட்டது. அப்புறம் அசையவில்லை. டாக்டர் துப்பாக்கியிலிருந்து மிச்சத் தோட்டாக்களை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். போய் எடுக்க வேண்டும் என்று யாரும் எழுந்திருக்கவில்லை. நீரோட்டம் அதை மெல்ல எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. குத்புதீன் மச்சான் அந்த முதுகிலிருந்து கையை எடுக்கவே இல்லை.